கடற்கரையில் முள் இல்லை

செங்கல்பட்டில், கோலவாய் ஏரியைப் பார்த்த ஒரு வாடகைக் கட்டடத்தில், அயல்நாட்டு விருந்தினர் உபசரிப்பு இலாகாவின் கிளை ஆபீஸ் இருந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பிரமுகர்களுக்கு மாலை, இளநீர், நிழல் ஆகிய மூன்றையும் வழங்குவது அதன் பொறுப்பு. வருஷத்தில் நாலைந்து பிரமுகர்கள் வருவார்கள். மீதி நாட்களில் இலாகா, வரப்போகிறவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

நிழல் பிரிவில் அமீர் சேவகர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை வேலையிலிருந்து நீக்கி ஓர் உத்தரவு வரும். மறுநாள் சேர்த்துக்கொண்டு இன்னோர் உத்தரவு வரும். இரண்டிலும் ஒரே கையெழுத்துதான், தனி அதிகாரி பாஷ்யத்தினுடையது. அமீரை எடுத்ததற்குக் காரணம் அவருடைய உயரம். ஆறடி இரண்டங்குலம். விருந்தினர் எவ்வளவு நெட்டையாக இருந்தாலும் குடைக்கம்பி அவர் தலையில் இடிக்காது.

ஐம்பத்தாறாம் வருஷம் டிசம்பரில் ஒரு குளிர் தேசத்தின் அதிபர் வருவதாகத் தந்தி வந்தது. தில்லியில் வெளிவிவகார உபமந்திரியாக இருந்த நம் ஜில்லாக்காரர் ஒருவரும் கூட வருகிறார் என்றார்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், இதை எழுதுகிறவன் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஊரார் சொன்னது போலத் தலைவர் என்றே வைத்துக்கொள்வோம்.

கடற்கரை முழுக்க முள் பொறுக்க உத்தரவாயிற்று. அந்தக் கரையில் இராவணன் மீசை என்று ஒரு புல் உண்டு. அதன் காய் பந்து மாதிரி, சுற்றிலும் முள்ளாக இருக்கும். காற்றடித்தால் மணலில் உருண்டு ஓடும். மீன் விற்கிற கன்னியம்மா தலைமையில் நாற்பது பெண்கள் மூன்று நாள் பொறுக்கினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கன்னியம்மா பாஷ்யத்திடம் வந்து, "சாமி, இன்னிக்குப் பொறுக்கினா நாளிக்கு வேற உருண்டுகினு வரும். காத்து நிக்காம இது நிக்காது" என்றாள். பாஷ்யம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு 'கடற்கரையில் முள் இல்லை' என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்.

வந்த அன்று அதிபர் உற்சாகமாக இருந்தார். கடற்கரைக் கோயிலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே காலணியைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கிவிட்டார். தலைவரும் கழற்றினார். மற்றவர்களை இருபது கஜம் பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள். குடைக்குள் மூன்று பேர்: அதிபர், தலைவர், அமீர். முன்னிருவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டு நடந்தார்கள். அமீருக்கு இங்கிலீஷ் தெரியாது.

திடீரென்று அதிபர் "ஆ" என்றார். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தலைவரின் தோளைப் பிடித்தார். தலைவர் சட்டென்று குனிந்து, அந்தப் பாதத்தை ஒரு கையில் ஏந்தி, நகத்தால் கிள்ளி முள்ளை எடுத்து எறிந்தார். நிமிர்ந்ததும் இருவரும் சிரித்தார்கள், கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்கும். இவ்வளவு பெரிய மனிதர் இன்னொருத்தர் காலில் முள்ளெடுக்கிறாரே என்று அமீருக்கு மனசு நிறைந்துபோயிற்று. குடையைக் கொஞ்சம் சாய்த்து, குனிந்திருந்தவர் கழுத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டார். அன்று அவர் செய்த ராஜாங்க காரியம் அவ்வளவுதான்.

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. பின்பக்கமாக, தூரத்திலிருந்து எடுத்த படம். அதிபர் நிற்கிறார். தலைவர் குனிந்திருக்கிறார். அமீர் குடை பிடித்திருக்கிறார். படத்தில் முள் விழவில்லை.

ஆளும் கட்சியின் தாலுகா காரியதரிசி வக்கீல் ராஜகோபாலன், ரயிலடி மைதானத்தில் கூட்டம் போட்டார்.

"தலைவர் ஏன் குனிந்தார்? தாய்மண்ணை ஒரு பிடி அள்ளினார்! 'இதில் ஒரு மணலைக்கூட எவனுக்கும் விடமாட்டோம்' என்று அதிபரின் முகத்துக்கு நேரே நீட்டினார்! அதிபர் வெலவெலத்துப்போய்க் கை கொடுத்தார்! குனிந்த மாதிரி குனிந்து ஜெயிப்பது, அதுதான் ஐயா ராஜதந்திரம்!"

அதற்கடுத்த நாள் அதே மைதானத்தில், அதே மைக் செட்டில், எதிர்க்கட்சியின் சோடா பாக்டரி சடையப்பன் பேசினார்.

"தமிழனின் முதுகெலும்பு வில்லாக வளைந்த நாள் அந்த நாள்! அந்நியன் காலில் விழுந்தார்! விழவில்லை என்கிறார்கள். விழாமல், அதிபரின் பாதம் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கவா குனிந்தார்?"

ஊர் இரண்டாயிற்று. மண் அள்ளினார் என்கிறவர்கள் ஒரு டீக்கடையிலும், காலில் விழுந்தார் என்கிறவர்கள் எதிர் டீக்கடையிலும் உட்கார்ந்தார்கள். இரண்டு கடையிலும் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரே படம்தான்.

முதலில் ராஜகோபாலன் அமீரை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ தானேப்பா பக்கத்துல நின்னவன். மண்ணை அள்ளினார், இல்லையா?"

"இல்ல சார். முள்ளு எட்த்தாரு."

"என்ன முள்?"

"அதிபர் கால்ல குத்திகினு இருந்த முள்ளு சார்."

வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தா? சடையப்பன் வந்தானா?"

"யாரும் வர்ல சார்."

"முள்ளுன்னா என்ன அர்த்தம் தெரியுமோ? நம்ம ஆட்சியில கடற்கரை பூரா முள்ளா கிடக்குன்னு அர்த்தம். தேர்தல் வர்ற சமயத்துல இதைச் சொல்றவன் சும்மா சொல்லமாட்டான்."

அன்று சாயங்காலமே சடையப்பன் வழியில் மடக்கினார். "அண்ணாத்த, பயப்படாம சொல்லு. காலத் தொட்டாரா, இல்லியா?"

"தொட்டாரு. முள்ளு..."

"தொட்டாரு! அத்தோட நிறுத்து."

"முள்ளு எடுக்கத்தான் அண்ணாத்த தொட்டாரு."

சடையப்பனின் முகம் மாறிற்று. "வக்கீலு எழுதிக் குட்த்தானா? முள்ளெட்த்தாரு, கருணாமூர்த்தின்னு நாளிக்கு நோட்டீஸ் போடுவான். இன்னா தந்திரம் பாரு! சரி, அவங்க ரெண்டு பேரும் இந்துஸ்தானில ரகசியம் பேசிகினாங்களாமே. ஒனக்குப் புரிஞ்சிருக்குமே."

"எனக்கு ஏது இந்துஸ்தானி? எங்க அத்தா காலத்துலருந்து வூட்ல தமிழ் தான்."

"அதான பார்த்தேன். மறைக்கிற."

மறுநாளிலிருந்து இரண்டு கடையிலும் அமீருக்கு டீ கிடைக்கவில்லை. ரயில்வே பிளாட்பாரத்துக்கு நடந்துபோய்க் குடித்துவிட்டு வந்தார். அவர் ஏன் தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று இரண்டு கட்சியும் ஆள் போட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி சைனம்பு தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவிட்டு வந்தவற்றைச் சுமந்துகொண்டு கேட்டாள்: "என்னாண்ட கூடவா மறைக்கிறீங்க? நெசமாலுமே முள்ளா?"

"முள்ளு தான் சைனம்பு."

"முள்ளுக்கா ஊரே வெட்டிகினு நிக்குது?" என்று அவள் நம்பாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊரார் சொன்னபோது அமீருக்கு எரிச்சல்தான் வந்தது. இது வலித்தது.

இலாகா விசாரணையைத் தொடங்கியது. பாஷ்யம் ஒரு படிவம் தயார் செய்திருந்தார். அதில் இரண்டு பத்திகள்: 'மண்', 'பாதம்'.

"எதுவானாலும் தைரியமா சொல்லு, அமீர்" என்றார் பாஷ்யம். "இலாகாவுக்குக் கட்சி கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சியைச் சேராமல், அந்த அரசாங்கத்தைச் சேர்ந்திருப்போம். இது நூறு வருஷத்துப் பாரம்பரியம்."

இலாகா ஏற்பட்டு ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அமீர் அதைச் சொல்லவில்லை. "முள்ளு சார்" என்றார்.

பாஷ்யம் பேனாவை மூடினார். "கடற்கரையில் முள் இல்லை."

"நான் கண்ணால பார்த்தேன் சார். அவரு 'ஆ'ன்னு கத்தினாரு."

"என்ன பாஷையில்?"

"'ஆ'ன்னா 'ஆ' தான் சார். அதுக்கு இன்னா பாஷ?"

"இதோ பார். முள் இல்லை என்பது என் அபிப்பிராயம் இல்லை, சான்றிதழ். அரசாங்கம் கையெழுத்தை நம்பி நடக்கிறது. கண்ணை நம்பி நடந்தால் ஒரு ஃபைல் நகருமா? நீ பார்த்தது முள்ளாகவே இருக்கட்டும். அது அங்கே இருக்க அதற்கு அனுமதி இல்லை." பாஷ்யம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். "உன்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. விசாரணை முடிந்த அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆளும் கட்சியின் பத்தி இடது பக்கம் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை."

அமீர் யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஜனவரி பிறந்தது. தேர்தலுக்கு ஆளும் கட்சி ஆட்களை அறிவித்தது. அதில் தலைவர் பெயர் இல்லை. மூன்றாம் நாள் தலைவர் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார்.

ரயிலடி மைதானத்தில் திரும்பவும் இரண்டு கூட்டம்.

"அந்நியன் காலில் விழுந்தவர்!" என்றார் ராஜகோபாலன். "முதுகெலும்பு வில்லாய் வளைந்ததைப் படத்தில் பார்த்தீர்களே! அன்றைக்கே எங்கள் மனம் பதைத்தது. கட்டுப்பாட்டுக்காக மௌனமாக இருந்தோம்."

"ஒரு பிடி தாய்மண்!" என்றார் சடையப்பன். "அதிபரின் முகத்துக்கு நேரே நீட்டினாரே, அந்தக் கை எங்கள் கை! அதிபர் வெலவெலத்தார்!"

இருவரும் சிரமப்பட்டுப் புதிதாக எதையும் எழுதவில்லை. டீக்கடைகளில் யாரும் படத்தைக் கிழிக்கவில்லை. ஆட்கள் மட்டும் எழுந்து எதிர்க்கடைக்கு மாறி உட்கார்ந்தார்கள். சிலருக்குப் பழக்கதோஷத்தில் இரண்டு நாள் தடுமாறியது.

பாஷ்யம் அமீரைக் கூப்பிட்டு, படிவத்தில் பத்திகள் இடம் மாற்றப்பட்டிருப்பதைத் தெரிவித்தார். "ஆளும் கட்சியின் பத்தி இப்போதும் இடது பக்கம்தான். உள்ளே எழுதியிருப்பதுதான் 'பாதம்' என்று ஆகியிருக்கிறது."

"முள்ளு சார்" என்றார் அமீர்.

வேறு வழியில்லாமல் ஸ்தல விசாரணைக்கு உத்தரவாயிற்று. சம்பவம் நடந்த மாதிரியே நடந்து பார்ப்பது. இரு கட்சிப் பிரதிநிதிகளும் பாஷ்யமும் வெறுங்காலோடு மணலில் இறங்கினார்கள். அமீர் குடை பிடித்தார். தை மாதத்துக் காற்று ஓங்கி அடித்தது. தூரத்தில் இராவணன் மீசைக் காய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருண்டு வந்தன.

பத்தடி போனதும் பாஷ்யம் நின்றார். முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "காற்று நன்றாக இருக்கிறது" என்றார்.

இன்னும் நாலடியில் ராஜகோபாலன் நின்றார். முள் என்று ஒப்புக்கொண்டால் எதிராளியின் தலைவர் தர்மவான் ஆகிவிடுவார். "ரொம்ப நன்னா இருக்கு" என்று அவரும் சொன்னார். அடுத்தது சடையப்பன். முள் இருந்தால் மண் போய்விடும். அவர் அலையைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

மீன்கூடையோடு எதிரே வந்த கன்னியம்மா நின்று பார்த்தாள். "இன்னா சாமி, மூணு பேரும் நொண்டிகினு போறீங்க? முள்ளு கீது, பார்த்து."

"முள் இல்லையம்மா" என்றார் பாஷ்யம்.

"அப்ப கால்ல இன்னாத்துக்கு ரத்தம் வடியுது?"

"கிளிஞ்சல்."

அமீர் மனசு கேட்காமல் குடையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு குனியப் போனார். பாஷ்யம் அலறிவிட்டார்: "குனியாதே! எவனாவது படம் எடுத்துத் தொலைக்கப் போறான்!"

மூன்று பேரும் கோயில்வரை நடந்து, முள் ஏதும் தென்படவில்லை என்று ஏகமனதாகக் கையெழுத்திட்டார்கள். அந்தத் தேர்தலில் இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

அன்று அமீரும் நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். சைனம்பு காலைப் பிடித்து மடியில் வைத்து, ஊக்கால் நெம்பி எடுத்தாள். ஒரு விரற்கடை நீளம். அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவா?"

"இது தான்."

 காலில் மஞ்சளை வைத்து அழுத்தினாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பெரிய மன்சனாண்டயே போய்க் கேளுங்க. எட்த்தவருக்குத் தெரியாதா? அவரு ஒரு வார்த்த சொன்னா ஊரு வாய மூடிடும்."

அந்த வார வெள்ளிக்கிழமை தலைவர் செங்கல்பட்டில் பேச வந்து, பயணியர் பங்களாவில் தங்கியிருந்தார். சடையப்பனின் ஆட்கள் அமீரை விரட்டப் பார்த்தார்கள். தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"அட, குடை! உன்னை மறப்பேனா? வெயில் என் கழுத்துல படாம சாய்ச்சுப் பிடிச்சியே. அந்த மனுஷன் எனக்குக் கடுதாசி போட்டிருந்தார் தெரியுமா? கால் ரெண்டு நாள் வீங்கிப்போச்சாம். அது என்ன செடின்னு கேட்டிருந்தார்."

 நாற்பது நாளாக அமீர் ஒருவர் மட்டுமே வைத்திருந்த ஒன்றை இன்னொரு வாய் சொல்கிறது. "அப்ப முள்ளு தானே சார்?"

"முள்ளு தான்யா. வேற என்ன?"

"இத்த இன்னிக்கு மேடைல ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். எனக்கு வேல கூட அப்புறம். ஊர்ல ஒருத்தரும் என்ன நம்ப மாட்றாங்க."

தலைவர் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை, களைத்த சிரிப்பு. "முள்ளெடுத்தேன்னு சொன்னா ஜனங்க எதுக்குன்னு கேப்பாங்க. அவருக்கு வலிச்சுது, எடுத்தேன்னா எவன் நம்புவான்? வேற கட்சிக்காரன் அப்படிச் சொன்னா நானே நம்பமாட்டேன். உள்ளுக்குள்ள என்ன பேரம்னு தான் கேப்பேன்." மேஜையிலிருந்து இரண்டு சாத்துக்குடியை எடுத்து அமீர் கையில் வைத்தார். "போய்ட்டு வா. வீட்ல குடு."

மாலையில் அமீர் மைதானத்தின் ஓரத்தில் நின்றார். ஒருவேளை மனசு மாறினாலும் மாறலாம் என்று நினைத்தார்.

"நான் குனிந்தேன்!" என்று தலைவர் முழங்கினார். "ஆம், குனிந்தேன்! யாருக்காக? இந்த மண்ணுக்காக! இதை ஒரு பிடி அள்ளி அந்த அதிபரிடம் காட்டினேன். அவர் கண்களில் பயத்தைப் பார்த்தேன்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. எல்லோரையும்விடச் சடையப்பன்தான் பலமாகத் தட்டினார். அமீர் வீடு போய்ச் சேர்ந்தபோது சாத்துக்குடி கையில் இல்லை. எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை இறுதி விசாரணை. இரு தரப்பும் வந்து உட்கார்ந்திருந்தது. பாஷ்யம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குனிந்தவரே பகிரங்கமாக மண் என்று சொல்லிவிட்டார். ஆளும் தரப்பு பாதம் என்கிறது. இரண்டில் ஒன்றுக்குச் சாட்சியாகக் கையெழுத்திடு. முள் என்று இனிச் சொல்ல உன்னைத் தவிர இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. நிரந்தர உத்தரவு இதோ. கடைசியாகக் கேட்கிறேன். முள் இருந்ததா?"

அமீர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அவர் பெயர் அழகாக டைப் அடிக்கப்பட்டிருந்தது.

"முள்ளு இருந்திச்சு சார்" என்றார். "அத்த எட்த்த மன்சன் தான் இல்லாம பூட்டாரு."

 ராஜகோபாலன் துள்ளி எழுந்தார். "கட்சி மாறினதைச் சொல்றான்! 'இல்லாமப் போயிட்டார்'னு! எங்க தரப்புல எழுதிக்கோங்கோ!"

"எட்த்த மன்சன்னு ஒத்துகினான்யா! எட்த்தது மண்ணு தான்! எங்க பக்கம் எழுது!" என்று சடையப்பன் மேஜையைத் தட்டினார்.

பாஷ்யம் இரண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் இரண்டுக்கும் கீழே, 'சாட்சி தெளிவாக இல்லை. விசாரணை தொடரும்' என்று எழுதி, நிரந்தர உத்தரவை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். விசாரணை தொடரும்வரை சாட்சியை நிரந்தரமாக்க விதி இல்லை. நீக்கவும் விதி இல்லை. ஆகவே அமீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீக்கிச் சேர்க்கும் வழக்கம் அன்றோடு நின்றது. தற்காலிகம் மட்டும் தொடர்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அமீர் வீட்டுக்கு வந்தார். சைனம்பு கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா கேட்டாங்க?"

"முள்ளு இருந்திச்சான்னு."

"இன்னா சொன்னீங்க?"

"இருந்திச்சுன்னேன்."

யாருக்குச் சாதகமாக என்று அவள் கேட்கவில்லை. வேலை என்னவாயிற்று என்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டாள்.